கவுண்ட்டரில் சத்தமாகப் படித்த தொகை

முதல் நாள்

கவுண்ட்டரில் உட்கார்ந்த முதல் நாள் எனக்குப் பணத்தைக் கண்டு பயமில்லை. என் குரலைக் கண்டுதான் பயம்.

ராயபுரத்துக் கடலோரத்தில் ஒரு சின்னத் தபாலாபீஸ். சுதந்திரம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அணாக் கணக்கு இன்னும் போகவில்லை. முன் ஜன்னலில் உப்புக் காற்று. பின் ஜன்னலில் துறைமுகத்துக்குப் போகும் கூட்ஸ் வண்டியின் கரித்தூள். காலையில் துடைத்த லெட்ஜரில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம். கம்பிவலை போட்ட தேக்குக் கவுண்ட்டருக்குப் பின்னால், சேவிங்ஸ் பாங்க் வேலையில் என்னைப் போட்டார்கள். அந்த ஆபீஸுக்கு நான்தான் முதல் பெண் குமாஸ்தா.

போஸ்ட்மாஸ்டர் மூக்குப்பொடியும் சட்டப்புத்தகமும் கையுமாக இருப்பவர். அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இது: "படிக்கத் தெரியாதவங்க பாஸ்புக்கை நீட்டினா, பேரு, கட்டின தொகை, இருப்பு மூணையும் சத்தமா படிச்சுக் காட்டணும். நாளைக்கு வந்து, பத்து கட்டினேன், அந்தம்மா அஞ்சுதான் எழுதிச்சுன்னு சண்டைக்கு நிக்கக் கூடாது பாரு. ஹாலுக்கே கேக்கணும்."

சத்தமாகப் பேசினால் தட்டு பறக்கும் வீட்டில் வளர்ந்தவள் நான். அதிலும் தொகையைச் சத்தமாகச் சொல்வதா? எங்கள் வீட்டில் பெண்கள் வாயில் ரூபாய் என்ற சொல்லே வராது. சம்பள நாளில் ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கையெழுத்துப் போட்டு வாங்கும் நோட்டுகளைக் கைக்குட்டையில் சுற்றி வெளியே வருவேன். வாசலில் அண்ணன் சைக்கிளைப் பிடித்தபடி நிற்பார். கைக்குட்டையோடு வாங்கிக்கொள்வார். மறுநாள் கைக்குட்டை மட்டும் துவைத்து வரும். பஸ்ஸுக்குக் காசு வேண்டுமென்றால் அண்ணியிடம் கேட்க வேண்டும். அது எனக்குத் தப்பாகவே தெரியவில்லை. உள்ளே ஓர் ஓரத்தில் எதுவோ எலி மாதிரி கொறித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

தேசம்மா

காசிமேட்டுக் கரையிலிருந்து மீன்கூடைக்காரப் பெண்கள் பதினொரு மணிக்கு மேல் வருவார்கள். கூடையை வாசலில் கவிழ்த்துவிட்டு, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். பேனா பிடித்த பெண் யாராக இருந்தாலும் அவர்களுக்கு டீச்சரம்மாதான்.

நான் சேர்ந்த மாதமே தேசம்மா கணக்குத் திறக்க வந்தாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். மணிக்கட்டில் மீன்செதில் ஒன்று ஒட்டி மின்னியது.

"யார் மனைவின்னு எழுதணும். புருஷன் பேரு?"

அவள் பின்னால் திரும்பினாள். அங்கே நின்ற பச்சையம்மா வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு, "கன்னியப்பன்னு எய்து டீச்சரம்மா. இவ சொல்லமாட்டா. சொன்னா அவன் ஆயுசு கொறஞ்சிடுமாம்" என்றாள். "கொறஞ்சா இன்னா, ஒரு வேள சோறு மிச்சம்."

"வாய மூடுக்கா!" தேசம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பெருவிரலை மையில் ஒற்றிப் பதித்தாள். நான் தொகையைப் படிக்க வாயெடுத்ததும் கம்பிவலையோடு முகத்தை ஒட்டினாள். "மெதுவா தாயி. என் காதுல வுழுந்தா போதும். அவுருக்குத் தெரியாது."

வாரம் இரண்டு ரூபாய் கட்டினாள். மழைக்காலத்தில் ஒன்று. எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். கரையில் மீன் ஏலம் விடுவார்கள். கையில் காசில்லாத பெண்கள் வலை முதலாளியிடம் கடனுக்குக் கூடை எடுத்து, சாயங்காலம் விற்றதில் பாதிக்கு மேல் அவனிடமே கொடுக்க வேண்டும். "என் துட்டப் போட்டு நானே ஏலம் எடுக்கணும் தாயி. அவன் மூஞ்சிய பாக்காம ஒரு கூட தூக்கணும். அதான்."

"வீட்டுக்காரர் குடிக்கிறவரா?"

"சேச்சே. தங்கமான மனுசன். ஆனா வல கிழிஞ்சா முதலாளிகிட்ட கை நீட்டுவாரு. அங்க அடைக்கறதுக்கு என் முந்தானை முடிச்சுதான் அவுந்துகினு கீது. கல்யாணத்துக்குப் போட்ட கம்மலும் அப்டித்தான் போச்சு." பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஆமா, உனுக்கு எம்மாம் சம்பளம்?"

"அதெல்லாம் கேக்கக் கூடாது."

"ஏன்?"

டேட் ஸ்டாம்பை ஓங்கிக் குத்தினேன்.

"உனுக்கும் யாராச்சும் வாசல்ல நிக்கறாங்களா?" என்றாள், தாழ்ந்த குரலில்.

நான் செய்த தப்பு

இரண்டு வருடம் நாங்கள் கிசுகிசுத்தோம். தேசம்மாவைப் பார்த்து மற்றப் பெண்களும் கம்பிவலையில் காதை ஒட்ட ஆரம்பித்தார்கள். என் கவுண்ட்டர் சர்ச்சில் இருக்கும் பாவமன்னிப்புக் கூண்டு மாதிரி ஆகிவிட்டது.

புயல் அடித்து ஓய்ந்த ஒரு வாரம். ஹால் நிறையக் கூட்டம். மணியார்டர் வரிசை வாசல்வரை. போஸ்ட்மாஸ்டருக்கு அன்று மேலிடத்துக் கண்டனக் கடிதம் ஏதோ வந்திருந்தது. என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"என்னம்மா ரகசியம் பேசறே? ரூல் என்ன? வாயைத் திறந்து படி!"

கவுண்ட்டரில் தேசம்மா. தலையை மெல்ல ஆட்டினாள், வேண்டாம் என்று. பார்த்தேன். பார்த்துவிட்டும் பயத்தில் கத்தினேன். என் தொண்டையில் அவ்வளவு பெரிய குரல் இருந்தது எனக்கே தெரியாது.

"தேசம்மா, கன்னியப்பன் மனைவி! வரவு இரண்டு ரூபாய்! இருப்பு நூற்று எண்பத்து நான்கு ரூபாய் இரண்டணா!"

மணியார்டர் வரிசையில் ஒரு தலை திரும்பியது. வலை முதலாளியின் கணக்குப்பிள்ளை. தேசம்மா பாஸ்புக்கை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். நான் அடுத்தவளைக் கூப்பிட்டேன். மை ஒற்றும்போது ஃபாரமெல்லாம் நீலமாயிற்று.

கன்னியப்பன்

மூன்றாம் நாள் அவன் வந்தான். மெலிந்த ஆள், கயிறு இழுத்துக் காய்த்த கை. கத்தியிருந்தால் பயந்து தொலைத்திருப்பேன். அவன் கத்தவில்லை.

"எம் பொண்டாட்டிக்கு இங்க துட்டு கீதுன்றாங்க. கீதா இல்லியா?"

"ஒருத்தர் கணக்கை இன்னொருத்தருக்குச் சொல்லக்கூடாதுங்க."

"ஊருக்கே சொன்னியாமே."

என் முகம் எரிந்தது. அவன் கம்பிவலையில் விரலைக் கோத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னான்: "புயல்ல வல மொத்தமும் போச்சு. முதலாளி கடனக் கேட்டு நிக்கவுடாம அடிக்கறான். நான் நாயா அலையறேன். இங்க துட்ட வச்சிக்கினு எனக்குச் சோறு போட்டா பாரு, அத்த நெனச்சாதான் வயிறு எரியுது."

போகவில்லை. வாசல் மரத்தடியில் குந்தினான். மறுநாளும் வந்து குந்தினான். தேசம்மா வரவில்லை. அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. கடல் இரையும் சத்தம் கேட்டால் அவள் பெயர் கேட்டது. பச்சையம்மாவிடம் விசாரித்தேன். "உசுரோட கீறா" என்றாள். அவள் வேடிக்கை பேசாத நாளை அன்றுதான் பார்த்தேன். அதுவே என்னை இன்னும் கலக்கியது.

முக்காடு

அடுத்த திங்கட்கிழமை கன்னியப்பன் உள்ளே வந்தான். கூடவே கணக்குப்பிள்ளை. அவர்களுக்கு நடுவே, சேலையை நெற்றிவரை இழுத்து முக்காடு போட்ட ஒரு பெண். கணக்குப்பிள்ளை பாஸ்புக்கையும் வித்டிராயல் ஃபாரத்தையும் நீட்டினார். முழுத்தொகை. சாட்சிக் கையெழுத்து அவருடையதே.

"தேசம்மாவுக்கு உடம்புக்கு ஆகல. பேச முடியாது. சீக்கிரம் போடும்மா."

அந்தப் பெண் கைநாட்டு வைக்கக் கையை நீட்டினாள். மிருதுவான கை. கூடை சுமந்த கை அல்ல. மணிக்கட்டில் செதில் இல்லை. முக்காட்டின் விளிம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. அவளும் என்னைப் போலவே பயந்திருந்தாள்.

போஸ்ட்மாஸ்டரைப் பார்த்தேன். தூரத்திலிருந்தே, "புக் இருக்கு, தெரிஞ்ச சாட்சி இருக்கு. அப்புறம் என்ன?" என்றார். அவருக்கு எல்லா மீன்காரப் பெண்களும் ஒரே முகம்தான்.

இது தேசம்மா இல்லை என்று நான் சொல்ல வேண்டும். சொல்ல முடியவில்லை. கன்னியப்பனின் விரல்கள் கம்பிவலையில் இருந்தன. சாயங்காலம் இருட்டுவதற்குள் நான் தனியாக நடந்து போக வேண்டிய தெரு கண்ணில் வந்தது. பணம் போனால் போகட்டும், யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு குரல் உள்ளே சொன்னது. அண்ணனிடம் கைக்குட்டையை நீட்டும்போது சொல்லும் அதே குரல்.

என்னிடம் இருந்தது ஒரே ஒரு ரூல். எழுந்து நின்றேன். லெட்ஜரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"தேசம்மா! கன்னியப்பன் மனைவி! இருப்பு நூற்று எண்பத்து நான்கு ரூபாய் இரண்டணா! மொத்தமும் எடுக்கிறார்! கணக்கை மூடுகிறார்!"

இரண்டாவது தடவை கத்தும்போது குரல் உடைந்துவிட்டது. உடைந்த குரலிலேயே மூன்றாவது தடவையும் படித்தேன்.

வரிசையின் கடைசியில் ஒரு வெற்றிலை வாய் திறந்தது. "எந்தத் தேசம்மா? இவளா?" பச்சையம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து முக்காட்டை ஒரு விரலால் தூக்கினாள். "அடி ராசாத்தி! எப்போடி உங்கண்ணனுக்கே பொண்டாட்டி ஆன?"

கன்னியப்பனின் தங்கை முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். யாரோ சிரித்தார்கள். சட்டென்று சிரிப்பு நின்றது. நாலைந்து பெண்கள் கவுண்ட்டரை ஒட்டி வந்து நின்றுகொண்டார்கள், மார்பில் கைகட்டி. ஒருத்தி கரைக்கு ஓடினாள். கணக்குப்பிள்ளை நைசாக நழுவப் பார்க்க, பச்சையம்மா, "இரு நைனா. சாட்சி நீதான, பாத்துட்டுப் போ" என்றாள்.

தேசம்மா வந்தபோது மூச்சிரைத்தது. கையெல்லாம் மீன்ரத்தம். புருஷனைப் பார்த்தாள், பாஸ்புக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். போஸ்ட்மாஸ்டர் இப்போது என் பக்கத்தில் வந்து நின்று, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அவரே கேட்டார்: "பேரு?"

"தேசம்மா."

"யார் மனைவி?"

வழக்கம்போலப் பச்சையம்மா வாயெடுத்தாள். தேசம்மா கையமர்த்தினாள். புருஷனை நேரே பார்த்தபடி சொன்னாள்.

"கன்னியப்பன் பொண்டாட்டி."

பெண்கள் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள். அவன்தான் முதலில் தலைகுனிந்தான். தேசம்மா, "ஏலத்துக்கு வச்சிகினு கீற துட்டு அது. வலைக்குத் தரமாட்டேன். கேட்டிருந்தா பாதி குடுத்திருப்பேன். திருடிக்கினு வந்த பாரு, இப்ப ஓரணா கெடையாது" என்றாள். குரல் உயரவே இல்லை.

பாஸ்புக்கை அவள் கையில் கொடுத்தேன். அவன் முன்னால் போக, அவள் பத்தடி பின்னால் போனாள். அந்தப் பத்தடி வீட்டில் என்ன ஆகும் என்று நினைத்துக்கொண்டே அடுத்த பாஸ்புக்கை வாங்கினேன்.

சம்பள நாள்

ஒன்றாம் தேதி தேசம்மா வந்தாள். இடது கண் வீங்கி, ஓரம் பச்சையாகியிருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள்.

"இன்னா பாக்குற? எய்து. ரெண்டு ரூபா."

பழக்கத்தில் நான் குனிந்து கம்பிவலையோடு கிசுகிசுத்தேன். அவள் பின்வாங்கினாள்.

"சத்தமா சொல்லு டீச்சரம்மா."

"வேண்டாம் தேசம்மா. என்னாலதான் இவ்வளவும்."

"அத்தவுடு. நீ மெதுவா சொன்ன வரைக்கும் எனக்கும் உனுக்கும்தான் தெரியும். எவளயாச்சும் முக்காடு போட்டுக் கூட்டியாந்தா எடுத்துக்கினு போயிருப்பான். இப்ப காசிமேடு முச்சூடும் தெரியும், இது தேசம்மா துட்டுன்னு. எவன் தொடுவான்?" வீங்கிய கண்ணைத் தொட்டுக்கொண்டாள். "இதுவும்தான் எல்லாருக்கும் தெரியும். பச்சையம்மாக்கா போயி நடுத்தெருவுல நின்னு அவர நாறடிச்சிட்டா. நாலு நாளா வாயத் தொறக்கல மனுசன்."

படித்தேன். ஹாலுக்கே கேட்கும்படி. அடுத்து நின்றவளும், "எனுக்கும் அப்டியே" என்றாள். அதற்கடுத்தவள் யோசித்தாள், "எனுக்கு மெதுவாவே சொல்லு தாயி" என்றாள். அவளுக்கு மெதுவாகவே சொன்னேன்.

தேசம்மா நகரவில்லை. "இப்ப சொல்லு. உனுக்கு எம்மாம் சம்பளம்?"

என் மடியில் சம்பளம் சுற்றிய கைக்குட்டை இருந்தது. ஜன்னல் வழியே அண்ணனின் சைக்கிள் தெரிந்தது. காதுக்கெட்டும் தூரத்தில் அவர். வீட்டில் பறக்கப்போகும் தட்டு இங்கேயே கேட்டது.

இப்போதெல்லாம் புதிதாகக் கவுண்ட்டருக்கு வரும் பெண்கள் என்னிடம் வேலையின் சூட்சுமம் கேட்கிறார்கள். ஸ்டாம்பு எப்படிக் குத்துவது, கைநாட்டை எப்படி ஒத்துப் பார்ப்பது எல்லாம் ஒரு வாரத்தில் வந்துவிடும். எனக்குக் கடைசியாக வந்தது ஒன்றுதான். ஒரு பெண்ணின் தொகை அவளைத் தவிர யாருக்கும் தெரியாவிட்டால், அது காணாமல் போவதும் யாருக்கும் தெரியாது. அதைச் சத்தமாகச் சொல்ல வேண்டுமா என்பதை முடிவு செய்ய வேண்டியவளும் அவளேதான். போஸ்ட்மாஸ்டர் இல்லை, நான் இல்லை. பயம் போன பிறகு சொல்லலாம் என்று காத்திருக்காதீர்கள். எனக்கு அது இன்றுவரை போகவில்லை.

அன்று எழுந்து நின்று, ஜன்னல் பக்கம் திரும்பி, சொன்னேன்.

"நூற்றுப் பதினைந்து ரூபாய்!"

சைக்கிள் மணி ஒருமுறை அடித்தது. நான் உட்கார்ந்து, புது பாஸ்புக் ஒன்றை எடுத்து, முதல் பக்கத்தில் என் பெயரை எழுதினேன்.