கண்ணாடியில் தெரியாத ஆள்

அன்றைக்குக் கடையில் இருந்தவர்கள் இவர்கள். சவரக்கத்தியோடு நான். பக்கத்து நாற்காலியில் முடி வெட்டிக்கொண்டிருந்த என் மச்சினன். அவனிடம் தலையைக் கொடுத்திருந்த தோல் ஷாப் மேஸ்திரி. பெஞ்சில் காத்திருந்த இட்லிக்காரர். அவர் பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மில்காரர். பிறகு, தரையில், கோதி அண்ணாச்சி. ஆறு பேர். கண்ணாடியில் தெரிந்தது ஐந்து பேர்.

அறுபதுகளில் தாராவியில் சலூன் வைத்திருந்தேன். இரண்டு நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி. மழைக்காலத்தில் ரோட்டுத் தண்ணீர் முழங்கால் வரை வரும் என்பதால் எல்லாக் கடைகளையும் போல என் கடையும் உயரத்தில் இருந்தது. ஏறுவதற்கு மூன்று படி. பெண்சாதி ஊரில் இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. பையன் அவன் ஆச்சி வீட்டில் வளர்ந்தான். பம்பாயில் எனக்கு ஆள் என்று இருந்தது பெண்சாதியின் தம்பி மட்டும்தான்.

துறைமுகத்தை அங்கே கோதி என்பார்கள். அண்ணாச்சி கோதியில் வேலை பார்த்தவர். கிரேனில் இருந்து சரக்கு விழுந்து இரண்டு காலும் முட்டிக்கு மேலே போய்விட்டது. பேரிங் சக்கரம் வைத்த பலகையில் உட்கார்ந்து, இரண்டு கைகளிலும் மரக்கட்டையைப் பிடித்து, தரையை உந்தி உந்தி வருவார். ரோட்டு முனையில் ஸ்டவ் ரிப்பேர் செய்தார். ஞாயிற்றுக்கிழமை சவரத்துக்கு வந்தால் கீழே நின்று குரல் கொடுப்பார். நான் கிண்ணத்தோடு இறங்கி, கடைசிப் படியில் உட்கார்ந்து அவருக்குச் சவரம் செய்வேன். போகிறவர் வருகிறவர் பார்ப்பார்கள். "எனக்குத்தாம்டே ரோடு பூராவும் சலூன்" என்பார். ஒருநாள் மச்சினன் இரக்கப்பட்டு அவரைத் தூக்கி உள்ளே கொண்டுவரப் போனான். அவர் கட்டையை ஓங்கிவிட்டார்.

"கைய எடுடே. நான் என்ன சரக்கா?"

மற்றபடி கோபப்படாத ஆள். ஆனால் ஒரு கேள்வி மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் கேட்பார். நான் இறங்கி வந்ததும், நுரை போடும் முன்னால், "உள்ள என்னடே அப்பிடிச் சிரிச்சிய?" என்பார். "ஒண்ணுமில்ல அண்ணாச்சி" என்பேன். திருப்பிச் சொல்லத் தெரியாது எனக்கு. சொன்னாலும் அந்தச் சிரிப்பு அதில் இருக்காது. அவர் தலையை ஆட்டிவிட்டு முகத்தைத் தூக்கிக் காட்டுவார். நான் அதற்குப் பிறகு எத்தனையோ பேர் முகத்தைத் தொட்டிருக்கிறேன். அந்தத் தலையாட்டல் மறக்கவில்லை.

பெரிய யோசனையெல்லாம் இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, கடை லீவு, கொத்தனாரைக் கூப்பிட்டுப் படிகளை மூடிச் சரிவு கட்டச் சொன்னேன். செங்குத்தாக இருந்தால் பலகை ஏறாது என்று சுவரை ஒட்டி நீளமாகக் கட்டினோம். சக்கரம் வழுக்காமல் இருக்க ஈரச் சிமெண்டில் கயிற்றை அழுத்தி வரி போட்டோம். அடுத்த ஞாயிறு அவர் வந்து பார்த்தார். கட்டையை ஊன்றி ஏறினார். மேலே வந்து சேர்ந்தபோது வியர்த்திருந்தது. இட்லிக்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

சலூனில் யாரும் யார் முகத்தையும் நேரே பார்த்துப் பேசுவதில்லை. நாற்காலியில் இருப்பவன் தலையைத் திருப்ப முடியாது. அவன் கண்ணாடியைப் பார்த்துப் பேசுவான், பெஞ்சில் இருப்பவன் கண்ணாடியைப் பார்த்துப் பதில் சொல்வான். அத்தனை வருடம் அந்தக் கண்ணாடி முன்னால் நின்ற எனக்கு அது புத்தியில் படவில்லை. நாற்காலி உயரம் என்பதால் நான் குத்துக்காலிட்டு, பலகையிலேயே வைத்து அவருக்கு நுரை போட்டேன். மேலே மேஸ்திரியும் இட்லிக்காரரும் பேசினார்கள், சிரித்தார்கள். அண்ணாச்சி இரண்டு தடவை வாயைத் திறந்தார். யாரும் குனிந்து பார்க்கவில்லை. கெட்ட மனுஷர்கள் இல்லை. கண்ணாடியில் இல்லாத ஆள் அவர்களுக்கு அங்கே இல்லை. அவர் நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தார். அதில் எங்கள் கூரைத் தகரம் தெரிந்தது.

"ரோட்டுலயாவது நாலு பேரு என்னப் பாப்பான்" என்றார். இறங்கிப் போனார்.

மூன்று ஞாயிறு வரவில்லை. தாடியோடு ஸ்டவ் அடித்துக்கொண்டிருந்ததைத் தூரத்தில் பார்த்தேன். நான்காவது வாரம் கண்ணாடியைக் கழற்றி இரண்டடி இறக்கி மாட்டினேன். நாற்காலிக் கால்களையும் பெஞ்சுக் கால்களையும் அறுத்தேன். வந்தவர்கள் எல்லாம் கேலி செய்தார்கள். "என்னவே, பால்குடிப் பிள்ளைகளுக்கா கடை வச்சிருக்கீரு?" என்றார் மேஸ்திரி. நாள் முழுக்கக் குனிந்தே வேலை செய்ததில் மச்சினனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

"ஒரு ஆளுக்காவ எல்லாத்தையும் குனிய வைக்கிய அத்தான்."

நான் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

"என்னையும் சேத்துத்தான் சொல்லுதேன்."

நான் கத்தியைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் தீட்டினேன். இரு என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அந்த வாரமே செம்பூரில் ஒரு சலூனுக்குப் போய்விட்டான்.

நான் ரோட்டு முனைக்குப் போய் அண்ணாச்சி முன்னால் நின்றேன். "கண்ணாடிய எறக்கிட்டேன்" என்றேன். "ஒன்ன யாருடே கேட்டா?" என்றார். திரும்பி வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பேரிங் சத்தம் கேட்டது. சரிவில் ஏறினார். கையை ஊன்றி, யார் உதவியும் இல்லாமல், பலகையில் இருந்து நாற்காலிக்கு மாறினார். முன்னால் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "நரைச்சிட்டே" என்றார், தனக்குள். பெஞ்சில் இருந்த மேஸ்திரி கண்ணாடிக்குள் அவரைப் பார்த்து, "வே, கப்பல் எலி பூனை தண்டி இருக்குமாமே, நெசமா?" என்று கேட்டார். "பூனையா? அத பாத்துப் பூனை சலாம் போடும்வே" என்றார் அண்ணாச்சி. எல்லோரும் சிரித்தார்கள். அவரும் குலுங்கிச் சிரித்தார். நான் கத்தியை அவர் கழுத்தில் இருந்து எடுத்துக்கொண்டு காத்து நின்றேன்.

மழை ஆரம்பித்ததும், ரோட்டில் லாரி போகும்போதெல்லாம் தண்ணீர் அலையடித்துச் சரிவில் ஏறிக் கடைக்குள் வந்தது. படி இருந்தவரை வந்ததில்லை. வாளியால் இறைத்தேன், தனியாக. மழை விட்ட பிறகு ரோட்டு முனை காலியாக இருந்தது. ஊருக்கு ரயில் ஏறிவிட்டார் என்றார் ஒருவர். ஆஸ்பத்திரி என்றார் இன்னொருவர். எந்த ஊர் என்று அவரிடம் நான் கேட்டு வைத்திருக்கவில்லை.

இப்போது முலுண்டில் பையன் வீட்டில் இருக்கிறேன். அவனும் மருமகளும் ஆபீஸ் போனால் சாயங்காலம் வரை பேச ஆள் கிடையாது. அந்தக் கடைக் கதையைப் பேரனிடம் ஒருமுறை சொன்னேன். ஒரு ஆளுக்காகவா இவ்வளவும் என்று இந்தியில் கேட்டான். அப்புறம், அவர் எத்தனை தடவை வந்தார் என்று கேட்டான்.

முதல் நாளையும் சேர்த்து ஒன்பது.