இரண்டு நிமிட மாமியார்

எனக்கு சீரியல் பிடிக்காது. எங்கள் ரயில் பெட்டியில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நீடாமங்கலத்திலிருந்து தஞ்சாவூருக்குக் காலை பாசஞ்சரில் வேலைக்குப் போகிற பெண்கள் நாங்கள். முதல் நாள் எபிசோடைப் பேசித் தீர்க்காமல் ஒருத்தியும் டிபன் டப்பாவைத் திறக்க மாட்டாள். நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு காதை மட்டும் அவர்களிடம் விட்டிருப்பேன். ஒருநாள், கதாநாயகியின் மாமியார் நேற்று பாலில் எதையோ கலந்துவிட்டாள் என்று ஒருத்தி சொல்ல, "நேத்தா? அது முந்தாநாளே கலந்தாச்சு!" என்று என்னை அறியாமல் கத்திவிட்டேன். அன்றோடு என் வேஷம் கலைந்தது.

பிடிக்காத இன்னொன்று தப்பு இங்கிலீஷ். இது நிஜமாகவே பிடிக்காது. இங்கிலீஷ் டீச்சர் வேறு, கேட்கவா வேண்டும்? 'எஸ்டர்டே நைட்' என்று யாராவது சொன்னால் எனக்குப் பல் கூசும். 'லாஸ்ட் நைட்' என்று சொன்னால் குறைந்தா போய்விடுவார்கள்? 'டிஸ்கஸ் அபௌட்' காதில் விழுந்தால் காலையில் குடித்த காபி கசக்கும்.

அப்படிப்பட்ட என்னிடம் தானாக வந்து மாட்டினாள் ஒரு நர்ஸ் பெண். தஞ்சாவூரில் ஆஸ்பத்திரி வேலை. புருஷன் குத்தகை நிலத்தில் சாகுபடி; ஆற்றில் தண்ணீர் வந்தால் நடவு, வராவிட்டால் வானத்தைப் பார்க்கிற பிழைப்பு. அவளுக்கு இங்கிலாந்தில் வேலை கூடி வந்திருந்தது. இங்கிலீஷ் பேச்சுத் தேர்வில் தேறினால் போகலாம். முதல் தடவை வாயே திறக்காமல் திரும்பி வந்துவிட்டாள். இந்தத் தடவையும் தவறினால் அந்த இடம் வேறொருத்திக்கு. தேறிவிட்டால் நாலு வயதுப் பெண்ணை விட்டுவிட்டுப் போக வேண்டும். "புள்ளய நான் பாத்துக்கறேன், நீ போ" என்று அவள் மாமியார் சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் எல்லாமே.

"ஒனக்கு எதைப் பத்திடி தடங்கல் இல்லாம பேச வரும்?" என்று கேட்டேன்.

"சீரியல்தான் டீச்சர்."

"அப்ப அதையே இங்கிலீஷ்ல சொல்லு."

அன்றிலிருந்து எங்கள் பெட்டியில் அது வழக்கமாகிவிட்டது. தினமும் காலையில் அவள் எபிசோடை இங்கிலீஷில் சொல்வாள், மற்றவர்கள் கதையைத் திருத்துவார்கள், நான் பாஷையைத் திருத்துவேன். கதாநாயகியை யாரோ எவரோ போல வைத்துச் சொன்னபோது குரலே எழும்பவில்லை. "ஒன் கதையாவே நெனச்சுக்க. 'ஐ' போடு, 'மை மதர் இன் லா'ன்னு சொல்லு" என்றேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். கோவில்வெண்ணி தாண்டுவதற்குள் மாமியார் பாலில் மருந்து கலப்பாள். சாலியமங்கலம் வருவதற்குள் இவள் அதைத் தெரிந்துகொண்டே குடிப்பாள். எதிர் சீட்டுப் பெரியவர் ஒருவர் இவளைப் பார்த்து உச்சுக் கொட்டுவார்.

திருச்சிக்குப் போய்த் தேர்வை முடித்துவிட்டு வந்த மறுநாள் முகம் வெளிறி வந்து உட்கார்ந்தாள்.

"குடும்பத்துல ஒருத்தரைப் பத்தி ரெண்டு நிமிஷம் பேசச் சொன்னாங்க டீச்சர். வாயத் தொறந்தா மாமியா கதைதான் வருது."

"எந்த மாமியா?"

"சீரியல் மாமியாதான். மை மதர் இன் லான்னுதான் ஆரம்பிச்சேன். பாலு, மருந்து, மாடிப்படியில எண்ணெய ஊத்துனது, எல்லாத்தையும் சொல்லிட்டேன். அந்த வெள்ளைக்காரம்மா பேனாவக் கீழ வச்சுட்டு, 'ஆர் யூ சேஃப்?'னு கேக்குறாங்க!"

பெட்டியே குலுங்கிச் சிரித்தது. எனக்கும் அடக்க முடியவில்லை. ஆனால் அதில் ஒருத்தி இவள் ஊர்க்காரி. சாயங்காலத்துக்குள் விஷயம் வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அடுத்த இரண்டு நாள் இவள் ரயிலுக்கு வரவில்லை, போனும் எடுக்கவில்லை. 'ஐ' போடச் சொன்னது நான் அல்லவா? அவள் மாமியார் கோபத்தில் பிள்ளையைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டால் தேறி என்ன பயன்? சனிக்கிழமை சாயங்காலம் பஸ் பிடித்து நேரே வீட்டுக்கே போய்விட்டேன்.

மாமியார் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு அதே சீரியலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வாங்க டீச்சர், உக்காருங்க. வெளம்பரம் வரட்டும்" என்றார். மருமகள் அடுக்களை வாசலில் அழுத முகத்தோடு நின்றாள். விளம்பரம் வந்ததும் சத்தத்தைக் குறைத்தார்.

"நான் பாலுல மருந்து கலந்தேனாமே டீச்சர்?"

"அம்மா, அது வந்து..."

"மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு. இல்லேன்னு சொல்லல." பிறகு மருமகளைப் பார்த்தார். "எங்க, நெசமான மாமியாளப் பத்திச் சொல்லு பாப்போம். இங்கிலீஷ்லயே சொல்லு. டீச்சர் இருக்காங்கல்ல."

அவள் சொன்னாள். காலையில் எனக்கு முன்னால் எழுந்துவிடுவார். எனக்குச் சோறு கட்டித் தருவார். என் பிள்ளையைப் பார்த்துக்கொள்வார். நாலாவது வாக்கியம் வரவில்லை, அழுகைதான் வந்தது. மூன்று வாக்கியத்திலும் தப்பு இருந்தது. என் பல் கூசவில்லை.

நான் தமிழில் எடுத்துச் சொன்னதும் அந்த அம்மா கேட்டார்: "அம்புட்டுத்தானா? அர நிமிஷங்கூட வரலயே." பிறகு அவரே சிரித்துவிட்டார். "அதான் அந்த சீரியல்காரியச் சொல்லியிருக்கா. நல்ல மாமியாளுக்கு ஏது டீச்சர் கதை? என்னையச் சொல்லியிருந்தா ஃபெயிலாயிருப்பா."

அவள் தேறினாள். போயும் விட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் அவள் மாமியாரைப் பார்க்கப் போயிருந்தபோது அவளிடமிருந்து போன் வந்தது. மாமியார் போனைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு அந்த வார எபிசோடையெல்லாம் சொன்னார். கெட்ட மாமியார் ஜெயிலுக்குப் போனது, அங்கே போயும் திருந்தாதது, ஒன்றையும் விடவில்லை. பேத்தி பாயில் கிடந்தது. பேச்சினூடே அதன் நெற்றியில் ஈரத்துணியை மாற்றிப் போட்டுக்கொண்டே இருந்தார். "பாப்பா தூங்குது. நாங்க நல்லாருக்கோம், நீ நேரத்துக்குச் சாப்புடு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நான் பிள்ளையைத் தொட்டுப் பார்த்தேன். கொதித்தது.

"காய்ச்சல்னு சொல்லலையேம்மா?"

"டாக்டர்கிட்ட காட்டியாச்சு, ரெண்டு நாள்ல விட்டுரும்னாரு. இதைச் சொன்னா அவ அங்க நிப்பாளா டீச்சர்?" என்று துணியைப் பிழிந்தார். "அதுக்குத்தான அந்த சீரியல் சிறுக்கி கதையை அம்புட்டு நேரம் இழுத்தேன்."