வெட்டிவேர் வாசனையில் பன்னிரண்டு மெழுகுவர்த்திகள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, மலேசியாவில் ஜொகூர் மாநிலத்தின் கெலாங் பாத்தாவில் நடந்தது இது. பாசிர் கூடாங்கில் நான் பதினெட்டு வருடம் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஆட்களைக் குறைத்தார்கள். என் பெயரும் பட்டியலில் இருந்தது. நாற்பத்தாறு வயதில் இனி யார் வேலை கொடுப்பார்கள் என்று சோர்ந்து போயிருந்த நேரம். எங்கள் தாமான் குடியிருப்பில் நான்கு வீடு தள்ளிக் குடிவந்திருந்த ஒரு பெண்மணி, மெழுகுவர்த்தி செய்ய உதவிக்கு ஆள் வேண்டும் என்று துணி துவைக்கும் கடைக் கண்ணாடியில் தாள் ஒட்டியிருந்தார். போய்க் கதவைத் தட்டினேன்.

அவர் ஹைட்டி நாட்டுக்காரர். கணவருக்கு இங்கே துறைமுகத்தில் வேலை. சமையலறையை ஒட்டிய அறையில் சொந்தமாக மெழுகுவர்த்தித் தொழில் நடத்திக்கொண்டிருந்தார். அவர் செய்யும் ஒவ்வொன்றிலும் அவருடைய ஊரின் ஏதாவது ஒரு வாசனை இருக்கும். சர்க்கரை போட்டு வறுத்த காப்பி ஒன்று, கசப்பு ஆரஞ்சுத் தோல் ஒன்று. முதல் நாள் ஒரு வாசனை எண்ணெய்ப் புட்டியைத் திறந்து முகர்ந்து பார்க்கச் சொன்னார். என்னையறியாமல், "அட, வெட்டிவேர்!" என்று கத்திவிட்டேன்.

அவர் கண்கள் விரிந்தன. "திரும்பச் சொல்லுங்க!"

அவர்கள் மொழியிலும் அதற்குக் கிட்டத்தட்ட அதே பெயர்தானாம், வெத்திவே. நம்முடைய சொல் எந்தக் கப்பலில் ஏறி அவ்வளவு தூரம் போனதோ! இருவரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி அந்தச் சொல்லை மாற்றி மாற்றிச் சொல்லிச் சிரித்தோம். அன்றிலிருந்து நான் அவருக்கு 'அக்கா'. அவர் எனக்கு மேடம். அவர் ஆங்கிலமும், என் பாதி ஆங்கிலமும் பாதி மலாயும் எப்படியோ ஒத்துப்போயின.

எட்டு மாதம் நன்றாகப் போனது. மெழுகு எந்தச் சூட்டில் இருக்கும்போது எண்ணெய் சேர்க்க வேண்டும், திரியை எப்படி நேராக நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் எனக்குக் கைவந்துவிட்டது. கொஞ்சம் கர்வமும் வந்திருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

ஜொகூர் பாருவில் ஒரு பரிசுப்பொருள் கடை முப்பது வெட்டிவேர் மெழுகுவர்த்திகள் கேட்டிருந்தது. மறுநாள் கொடுக்க வேண்டும். அன்று மேடம் காய்ச்சலாக இருந்த தன் மகளைக் கிளினிக்குக்கு அழைத்துப் போயிருந்தார். பதினெட்டு ஊற்றி முடித்ததும் எண்ணெய் தீர்ந்துவிட்டது. அலமாரியில் தேடினேன். மேல் தட்டில், பின்னால், துணியில் சுற்றிய ஒரு சின்னப் புட்டி. கையால் எழுதிய தாளில் 'வெத்திவே' என்றிருந்தது. போன் செய்து கேட்டிருக்கலாம். காய்ச்சல் பிள்ளையோடு இருப்பவரை எதற்குத் தொந்தரவு செய்வது என்று நினைத்தேன். முழுவதையும் ஊற்றிக் கலக்கிப் பன்னிரண்டையும் முடித்துவிட்டேன்.

திரும்பி வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். காற்றை இழுத்து முகர்ந்தார்.

"அக்கா, எந்த எண்ணெய் போட்டீங்க?"

நான் பெருமையாகக் காலிப் புட்டியைக் காட்டினேன். அவர் அதை வாங்கிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அது அவருடைய அப்பா கொடுத்தது. சொந்த நிலத்தில் வளர்த்து, வேரைத் தானே தோண்டி, பக்கத்து ஊரில் காய்ச்சி எடுத்த எண்ணெய். அதற்குப் பிறகு அவர் பயிரிடவே இல்லையாம். அவர் இறந்தபோது நாட்டில் கலவரம், விமான நிலையம் மூடியிருந்தது. நான்கு பிள்ளைகள் நான்கு நாடுகளில். ஒருவர்கூட அடக்கத்துக்குப் போக முடியவில்லை. அந்தப் புட்டியை மேடம் ஒரு தடவைகூடத் திறந்ததில்லை.

மன்னிப்புக் கேட்டேன், அழுதேன். அவர் திட்டவில்லை. "இன்னைக்கு நீங்க வீட்டுக்குப் போங்க, அக்கா" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

சாயங்காலம் சிங்கப்பூரில் வேலை முடிந்து வந்த கணவரிடம் சொன்னேன். "இனி நான் அந்த வீட்டுப் பக்கம் போகமாட்டேங்க" என்றேன்.

அவர் தலைக்கவசத்தைக்கூடக் கழற்றவில்லை. "அலமாக், தப்பு செஞ்சிட்டு ஒளிஞ்சிக்கலாமா? நாளைக்குப் போய் முகத்தக் காட்டு லா. வேலையவிட்டுத் தூக்கினா தூக்கட்டும்."

போனேன். பன்னிரண்டு மெழுகுவர்த்திகளும் மேசையில் வரிசையாக இருந்தன. மேடத்தின் கண்கள் வீங்கியிருந்தன.

"இத நான் விக்கப்போறதில்ல. கடையில ரெண்டு நாள் தவணை கேட்டிருக்கேன். வேற பன்னிரண்டு செய்யணும். எண்ணெய் சிங்கப்பூர்லதான் கிடைக்கும்."

என் கணவருக்கு உடனே போன் செய்தேன். அன்று வேலை முடிந்ததும் அவர் அந்த எண்ணெய் விற்கும் கடையைத் தேடிப் பிடித்து வாங்கி, மழையில் நனைந்தபடி மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலம் தாண்டி வந்து சேர்ந்தார். மறுநாள் மேடமும் நானும் வேலை செய்து முப்பதையும் அனுப்பிவைத்தோம்.

அதற்குப் பிறகு மேடம், நான் ஊற்றிய அந்தப் பன்னிரண்டில் சிலவற்றைப் பெட்டிகளில் கட்டினார். கனடாவில் இருக்கும் தன் அக்காவுக்கு, அமெரிக்காவில் இருக்கும் தம்பிக்கு, சிலியில் இருக்கும் தங்கைக்கு.

ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு என்னை வரச் சொன்னார். போனால், கணினித் திரையில் மூன்று வீடுகள். அங்கெல்லாம் சனிக்கிழமை இரவு. ஒவ்வொருவர் முன்னாலும் நான் ஊற்றிய மெழுகுவர்த்தி. மேடம் என்னைத் தன் பக்கத்தில் உட்கார வைத்து, "இவங்கதான் அக்கா" என்றார். எல்லோரும் ஒரே நேரத்தில் ஏற்றினார்கள். அப்பாவுக்குச் செய்ய முடியாமல் போன ஜெபத்தை அன்றுதான் சேர்ந்து சொன்னார்கள். தம்பி முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அந்த மொழியில் எனக்குப் புரிந்தது 'பாப்பா' என்ற ஒரு சொல்தான். அப்பாவை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

திரையை அணைத்த பிறகு மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க செஞ்சது சரின்னு நான் சொல்லல, அக்கா. கேட்டிருக்கணும். ஆனா நானா அத எப்பவுமே திறந்திருக்க மாட்டேன்."

தலையாட்டினேன்.

இன்றும் அவரோடுதான் வேலை செய்கிறேன். தெரியாமல் அவருடைய துக்கத்தில் கை வைத்த என்னை விலக்கி நிறுத்தாமல், அந்தத் துக்கத்துக்கு நடுவிலேயே தன் வீட்டு ஆளாக உட்கார வைத்தாரே, அதை நினைக்கும்போதெல்லாம், என்னிடம் தவறு செய்தவர்கள் மேல் எனக்கிருக்கும் கோபம் கொஞ்சம் இறங்கிவிடுகிறது.