வெள்ளணு குறைந்த கணவர்

ஜெர்மனியின் ஹனோவரில் முப்பத்தொரு வருடம் குடும்பம் நடத்திய அல்பேர்ட், தன் மனைவி சரளாமீது காதல்வயப்பட்டது ஐம்பத்தெட்டாவது வயதில். காரணம் வெள்ளணு.

குடல் புற்றுநோய்க்கு இரண்டாவது கீமோ ஏற்றியபின், கிருமியோடு சண்டை பிடிக்கும் அணுக்கள் அறுநூறாக இறங்கிவிட்டன. அணுவைக் கூட்டத் தினம் ஓர் ஊசி எழுதிக் கொடுத்து, ஆயிரத்தைத் தாண்டும்வரை ஆட்களை அண்டவேண்டாம் என்றார் டொக்டர். சரளாவோ கிண்டர்கார்டனில் நாற்பது பிள்ளைகளின் மூக்குத் துடைப்பவர். ஹனோவருக்கு வரும் எந்தக் கிருமியும் அவரிடம் பதிந்துவிட்டுத்தான் ஊருக்குள் நுழையும். ஆகவே சரளா வரவேற்பறைக்குக் குடிபெயர்ந்தார்.

முன்பு பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடித்த காலத்தில் அல்பேர்ட் காற்பந்து பார்த்தார். இப்போது கதவுக்கு அப்பால் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து உட்கார்ந்தார்.

"இஞ்சருங்கோ, ஊசி போட்டாச்சோ?"

"ஓம். இடுப்பெலும்பெல்லாம் உளையுது."

"எலும்புக்குள்ளை வெள்ளணு ஊறுதாம். காய்ச்சல் இருக்கோ எண்டு பாக்காமல் பரசிற்றமோல் போடாதேங்கோ. காய்ச்சலை மறைச்சுப்போடும்."

"கொஞ்சம் நிண்டு கதையன், சரளா."

"முப்பத்தொரு வருசம் பக்கத்திலை இருந்தனான். அப்ப கேக்கேல்லை."

பான் நகரத்திலிருந்து மைத்துனர் தொலைபேசியில் பப்பாசி இலைச்சாறு சிபாரிசு செய்தார். அவர் வங்கியில் வேலை செய்பவர். ஆகவே மருத்துவத்தில் தயக்கமற்றவர். அல்பேர்ட் டொக்டரின் ஊசியையே நம்பினார். குளிர்ப்பெட்டியில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் இருந்ததை எடுத்து, தினம் ஒன்றாகத் தன் வயிற்றில் தானே குத்தினார். ஆறாம் நாள் இரண்டாயிரத்து நூறு. சவரம் செய்தார். சட்டையை அயர்ன் பண்ணினார். இரண்டு கோப்பை எடுத்து வைத்தார்.

சரளா வாசலிலேயே நின்றார். "கிட்ட வராதேங்கோ. ஏழு பிள்ளையளுக்குச் சத்தி, வயித்தாலை போகுது. நாலு நாள் பாப்பம்."

நாலாம் நாள் அடுத்த கீமோ.

ஏற்றி முடிந்ததும் டொக்டர் விளக்கினார்: அணு இறங்கினால் முன்போலத் தினசரி ஊசி; அல்லது இறங்குமுன்பே, நாளைக்கு, மெல்ல வேலை செய்யும் ஒற்றை ஊசி. எலும்பு உளைவு இரண்டிலும் வரலாம்.

"எதைப் போட்டால் மனைவிக்குப் பக்கத்தில் கூடுதல் நாள் இருக்கலாம்?" என்று அல்பேர்ட் ஜெர்மனில் கேட்டார்.

டொக்டர் கணினியைப் பார்த்தார். அந்தக் கேள்விக்கு அதில் கட்டம் இல்லை. "ஒற்றை ஊசியில் வாய்ப்பு இருக்கிறது. உறுதி சொல்ல முடியாது."

"அதையே எழுதுங்கள்."

வெளியே சரளா காரின் கண்ணாடிகளையெல்லாம் இறக்கிவிட்டுக் காத்திருந்தார். அல்பேர்ட் முகக்கவசத்தோடு பின்னால் ஏறினார். ஒரு முழத் தூரத்தில் மனைவியின் பிடரி. வீடு வரும்வரை, நல்லவேளையாக, எல்லாச் சந்தியிலும் சிவப்பு விளக்கு எரிந்தது.