ஸ்கூட்டருக்குப் பின்னால் ஓடுகிறவள்

வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் தொழிலில், கற்றுக்கொள்பவர் உட்கார்ந்து போவார்; கற்றுக்கொடுப்பவர்தான் ஓட வேண்டும். மனைவிக்கோ தங்கைக்கோ ஒரு நாளாவது மைதானத்தில் ஸ்கூட்டர் பழக்கி, பின் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடி, கடைசியில் "உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கவே தெரியல" என்று வாங்கிக் கட்டிக்கொண்ட அன்பர்களே, இது உங்களுக்காகத்தான். நீங்கள் பட்டது ஒரு நாள். நான் ஆறு வருடமாகப் படுகிறேன், அதுவும் ஆசைப்பட்டு.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரி. ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்காவுக்கு வண்டி பழக்கப் போனேன். அவர் தன் அண்ணியிடம் சொல்ல, அண்ணி ஆபீஸ் முழுக்கச் சொல்ல, கடைக்கு லீவு லெட்டராக எழுதித் தள்ளி, ஒரு நாள் ராஜினாமாவே எழுதிவிட்டேன். வாரத்தில் நாலு நாள் கடலூர், இரண்டு நாள் சிதம்பரம். பெண்களுக்கு மட்டும்.

செருப்பு தேய்ந்த கதை

அஞ்சலை அக்கா தேவனாம்பட்டினத்தில் மீன் விற்பவர். மீன் கூடையைப் பார்த்தாலே ஷேர் ஆட்டோக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வதால், சொந்தமாக ஒரு வண்டி என்று முடிவெடுத்து என்னிடம் வந்தார். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் படியில் நின்று வந்தவருக்கு பேலன்ஸ் சொல்லிக்கொடுக்க நான் யார்? இரண்டே நாளில் வண்டி நேராகப் போனது. நிற்பதில்தான் தகராறு. நிறுத்த வேண்டும் என்றால் அக்கா இரண்டு காலையும் கீழே இறக்கித் தரையில் தேய்ப்பார். பீச் ரோட்டில் அவர் வந்த வழியை செருப்புத் தடத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

மூன்றாவது ஜோடி செருப்பு ஓட்டையானதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கையில ரெண்டு பிரேக் இருக்கேக்கா, அத ஏன் தொட மாட்டேங்கறீங்க?" என்று கத்தினேன். அக்கா கொஞ்சமும் அசரவில்லை.

"பிரேக்கு எவனோ கம்பெனிக்காரன் மாட்டுனது டீச்சரம்மா. காலு எங்க ஆத்தா மாட்டுனது."

முந்தாதே

கவிதா பள்ளிக்கூட ஆசிரியை. ஒழுக்கம் என்றால் அப்படி ஒரு ஒழுக்கம். ரேஷன் கடையில் தன் முறை வந்த பிறகும் பின்னால் இருப்பவரைப் பார்த்து "போகட்டுமா?" என்று கேட்கிற ரகம். எல்லாம் பழகிவிட்டார், முந்துவதைத் தவிர. அதைப் பழக்கத்தான் நெல்லிக்குப்பம் ரோட்டுக்கு அழைத்துப் போனேன். நான் பின் சீட்டில். முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர், மாப்பிள்ளை ஊர்வல வேகத்தில்.

"முந்துங்க மேடம்" என்றேன். "அவரு நமக்கு முன்னாடியே வந்திருக்காரு" என்றார். ஹாரன் அடிக்கச் சொன்னேன். "தப்பா நெனச்சுப்பாரு" என்றார். அரை மணி நேரம் கரும்புத் தோகை முகத்தில் உரச உரசப் போனோம். டிராக்டர் வளைந்தது, நாங்களும் வளைந்தோம். டிராக்டர் நின்றது, நாங்களும் நின்றோம். பின்னால் இன்னொரு டிராக்டர் வந்து நின்ற பிறகுதான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். சர்க்கரை ஆலைக்குள், எடை மேடை வரிசையில் இருக்கிறோம். வாட்ச்மேன் எங்கள் ஸ்கூட்டரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, மரியாதையாகக் கேட்டார்:

"வரிசையெல்லாம் சரியாத்தாம்மா நிக்கிறீங்க. கரும்பு எங்க?"

கம்பியை விட்ட பிறகு

இவ்வளவு பட்டும் ஏன் விடவில்லை என்று கேட்பீர்கள். ஒரு நிமிஷம்தான் காரணம். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, பின்னால் ஓடிக்கொண்டே சத்தமில்லாமல் கம்பியிலிருந்து கையை எடுத்துவிடுவேன். அந்த அம்மாவுக்குத் தெரியாது. "புடிச்சிருக்கீங்கல்ல? புடிச்சிருக்கீங்கல்ல?" என்று கத்திக்கொண்டே தானாகப் போய்க்கொண்டிருப்பார். "புடிச்சிருக்கேன், புடிச்சிருக்கேன்" என்று நானும் நின்ற இடத்திலிருந்து பொய் சொல்வேன். மைதானத்தின் மறுகோடியில் திரும்பிப் பார்த்து, அவ்வளவு தூரத்தில் என்னைக் கண்டதும் ஒரு கூச்சல் போடுவார் பாருங்கள், எனக்கு அழுகையே வந்துவிடும். இத்தனை பேருக்குப் பழக்கியும் அது பழகவில்லை. உலகத்தில் எனக்கு அதைவிடச் சந்தோஷம் எதுவும் கிடையாது.

அப்படி ஒரு நாள் வீட்டுக்கு வந்து, முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டே தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் சந்தேகமாகப் பார்த்தார்.

"வேலைக்குப் போய்ட்டு வந்தவ மாதிரியா இருக்க? சம்மந்தி வீட்டுல விருந்து சாப்ட்டு வந்தவ மாதிரி இல்ல இருக்க."

சைபர்

சிதம்பரத்தில் விசாலம் அம்மா வந்து சேர்ந்தபோது இந்தச் சிரிப்பெல்லாம் நின்றுபோனது. அவர் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். புவனகிரிக்கு அப்பால் உள்ளே போக வேண்டும். முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் அரிசி அளந்து உலையில் போட வேண்டிய நேரம் தாண்டித்தான் போய்ச் சேரும். அதுவரை கணவர் கொண்டுவிட்டுக்கொண்டிருந்தார். அடுத்த மாதத்திலிருந்து அவருக்குக் காலை ஷிப்ட். அதற்குள் லைசென்ஸ் வாங்கினால் வேலை, இல்லையென்றால் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். "எந்தப் புள்ள முட்டையில மஞ்சக்கருவ ஒளிச்சு வச்சுட்டு எழுந்துக்கும்னு என்னைத் தவிர யாருக்கு டீச்சர் தெரியும்?" என்று கேட்டார். தன் வேலையை இப்படிப் பேசுகிறவரை நான் எப்படி விட முடியும்?

நன்றாகத்தான் ஓட்டினார். தினமும் விடியற்காலையில் தேர் ஓடும் நான்கு வீதிகளையும் கணவரைப் பின்னால் உட்கார வைத்துச் சுற்றிப் பழகினார். ஆனால் பரீட்சைக்கு எட்டுப் போட வேண்டுமே! பரீட்சை அன்று ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஆய்வாளர் விசில் ஊதினார். விசாலம் அம்மா வலது வட்டத்தைக் காலே ஊன்றாமல் அழகாக முடித்தார். அடுத்து இடது பக்கம் திரும்ப வேண்டும். திரும்பவில்லை. மறுபடியும் அதே வட்டம். மறுபடியும். பிறகுதான் விஷயம் தெரிந்தது. கோயிலைச் சுற்றி எப்போதும் வலமாகவே வந்ததில், அந்த அம்மா வாழ்க்கையில் இடது பக்கம் திரும்பியதே இல்லை! வீட்டு வாசலைத் தவறவிட்டால்கூட இன்னொரு முழுச் சுற்று வந்துதான் நிற்பாராம். அடுத்த வாரம் மறுதேர்வுக்குப் போனோம். அதிலும் இதே கதைதான். வலது வட்டத்தையே சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் இடது பக்கம் வளைத்ததும் காலை ஊன்றிவிட்டார்.

"இடமாச் சுத்துனா சாமி குத்தம்னு மனசுல ஏறிப்போச்சு டீச்சர்" என்றார் கண் கலங்க. ஆய்வாளர் நல்ல மனிதர்தான். தாளைத் திருப்பிக் கொடுத்தபடி சொன்னார்:

"எட்டு கேட்டா சைபராவே போட்டுத் தர்றீங்க. நானும் எதத்தாம்மா எழுதறது?"

ராகு கேது

மாதம் முடிய இன்னும் ஒரே வாரம், ஒரே தேர்வு. எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டிவிட்டேன். சுண்ணாம்புக் கோடு போட்டேன், இடது பக்கம் நின்று கைதட்டிக் கூப்பிட்டேன். நடக்கவில்லை. என் புலம்பலைக் கேட்ட அஞ்சலை அக்கா, "நானும் வந்து பாக்கறேன்" என்று சொந்த வண்டியில் கடலூரிலிருந்து கூடவே சிதம்பரம் வந்துவிட்டார். அவருக்கு அப்போது லைசென்ஸ் கைக்கு வந்து பத்து நாள். அன்றைக்கு வியாபாரத்துக்கு லீவு விட்டிருந்தார். மைதானத்தில் போட்டிருந்த இரண்டு தார் டிரம்மையும், விசாலம் அம்மாவையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏங்க, நவக்கிரகத்த எப்புடிச் சுத்துவீங்க?" என்று கேட்டார்.

"ஏழு சுத்து வலமா. அப்புறம் ராகு கேதுவுக்கு ரெண்டு சுத்து இடமா."

"அப்ப இடமாச் சுத்தறது உங்களுக்குப் புதுசில்லையே! இந்த டிரம்மு மத்த ஏழு பேரு. அந்த டிரம்மு ராகு கேது. கும்பிட்டுக்கினே போங்க."

அப்படிச் சுற்றக் கூடாது என்று வாதாடுகிறவர்களும் உண்டு. அவர்களில் ஒருவரும் அன்று மைதானத்தில் இல்லாதது எங்கள் பாக்கியம். விசாலம் அம்மா யோசித்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். வண்டியை எடுத்தார். இடது டிரம்மை வெண்ணெயாக வளைத்து வந்தார். ஆறு வருஷ அனுபவம் உள்ள எனக்குத் தோன்றாதது, பத்து நாள் அனுபவத்துக்குத் தோன்றிவிட்டது. பொறாமையாகவும் இருந்தது, கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது. அக்கா என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார்.

"ஒருத்தருக்குச் சொல்லிக்குடுக்கசொல்ல இன்னா குஷியா கீது டீச்சரம்மா! இத்தினி நாளா நீங்க மட்டும் தனியா அனுபவிச்சிருக்கீங்க."

ஒன்பது

பரீட்சை அன்று விசில் ஊதியதும் விசாலம் அம்மா வலது வட்டத்தில் இறங்கினார். ஒரு சுற்று முடிந்தது. திரும்பவில்லை. இரண்டு. மூன்று. எனக்கு உயிரே இல்லை. பழையபடி ஆகிவிட்டதே! ஆய்வாளர் பேனா மூடியைத் திறந்தார். நான்கு, ஐந்து. விசாலம் அம்மாவின் உதடுகள் அசைவதை அப்போதுதான் கவனித்தேன். எண்ணுகிறார்! நவக்கிரகம் என்று சொன்னதை அந்த அம்மா உதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை, கணக்காகவே எடுத்துக்கொண்டார். ஏழாவது சுற்று முடிந்ததும் கச்சிதமாக இடது பக்கம் சாய்ந்தார். ராகுவுக்கு ஒன்று, கேதுவுக்கு ஒன்று. கால் தரையில் படவே இல்லை. நேரே ஆய்வாளர் முன்னால் வந்து, கையில் இருக்கிற பிரேக்கைப் பிடித்து நின்று, கும்பிட்டார்.

ஆய்வாளர் தாளைப் பார்த்தார், டயர் தடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பாஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"ஏழும் ரெண்டும் ஒம்போது. கேட்டதுக்கு மேலயே ஒண்ணு ஜாஸ்தியாப் போட்டுட்டாங்க, இதுக்கு மேல நான் என்னத்த ஃபெயில் பண்றது?"

ஆனந்தக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "வீட்டுக்குப் போகும்போது லாரி வரும், பார்த்து மெதுவாகப் போங்க" என்று சொல்ல வேண்டும் என நான் நிமிர்ந்தபோது விசாலம் அம்மா இரண்டு தெரு தாண்டிவிட்டிருந்தார். நன்றாகச் சொல்லிக்கொடுத்துவிட்டால் கடைசி அறிவுரையைக் கேட்க ஆளே இருக்காது என்பதுதான் இந்தத் தொழிலில் இருக்கிற ஒரே நஷ்டம்.