பச்சைக் கோட்டு

கொடைக்கானலில் ஒரு பழைய நூலகத்தில் ஜோதிமணி பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கிறாள். புத்தகம் அடுக்கத்தான் சேர்த்தார்கள். மூன்று வருஷமாகப் பழைய போட்டோக்களை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றும் பொறுப்பும் அவள் தலையில் விழுந்திருக்கிறது. அவளுக்கு முன்னால் அதைச் செய்த இரண்டு பட்டதாரிகள் கண் எரிகிறது என்று ஓடிவிட்டார்கள். இவள் நகரவில்லை.

காரணம் அவளைப் பெற்ற அய்யா திருமலைச்சாமி. கீழே காட்டுக்குள் இருக்கும் வெள்ளகவி கிராமத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் கொடைக்கானலுக்குச் சுமை தூக்கியவர். இவள் பிறப்பதற்கு மூன்று மாதம் முன்னால் காய்ச்சலில் போய்விட்டார். ஒரு போட்டோ கிடையாது. அந்தக் காலத்தில் மலைக்கு வந்த வெள்ளைக்காரர்கள் பூவை எடுத்தார்கள், மேகத்தை எடுத்தார்கள், வளர்த்த நாயைக்கூட நாலு பக்கமும் நிற்கவைத்து எடுத்தார்கள். சுமைகாரர்கள் ஓரத்தில் எங்காவது நிற்பார்கள். அந்த ஓரங்களைத்தான் இவள் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். அய்யா முகம் எப்படி இருந்திருக்கும் என்ற ஏக்கம் பேரன் எடுத்த பிறகும் தீரவில்லை.

போன தை மாதம் ஒரு பெட்டி வந்தது. ஐம்பது வருஷத்துக்கு முன் இங்கே பாடம் நடத்திய வெளிநாட்டு ஆசிரியர் ஒருவர் எடுத்த படங்கள். அவர் மகள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள்: யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், அச்சடிக்கலாம், எடுத்தவர் பெயரைப் போட்டால் போதும். நல்ல மனசுதான். படத்தில் நிற்பவர் பெயருக்கும் கணினியில் ஒரு கட்டம் உண்டு. அது எப்போதும் காலியாகவே கிடக்கும்.

அந்தப் பெட்டியில் ஒரு படம். முதுகில் மூட்டை, செருப்பில்லாத கால், பச்சைக் கம்பளிக் கோட்டு. இடது பையில் காக்கித் துணி ஒட்டுப் போட்டிருந்தது. அந்தக் கோட்டு இன்றைக்கும் அம்மாவின் தகரப் பெட்டியில் இருக்கிறது. சின்ன வயதில் அதைப் போர்த்திக்கொண்டுதான் இவள் தூங்குவாள். உட்கார்ந்த இடத்திலேயே அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, காலிக் கட்டத்தில் 'திருமலைச்சாமி, வெள்ளகவி' என்று அடித்து இணையத்தில் ஏற்றிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை படத்தை அச்செடுத்துக்கொண்டு, மூன்று மணி நேரம் காட்டுக்குள் இறங்கி ஊருக்குப் போனாள். அம்மா சண்முகசுந்தரி அதை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தாள்.

"இது உங்கய்யா இல்ல தாயி. நாச்சிமுத்து. கோட்டு நம்மதுதான். அப்ப இந்த ஊருக்கே அது ஒண்ணுதான் கோட்டு. குளிருல விடிய வெள்ளன மேல ஏறுறவுக நம்மகிட்ட வாங்கிப் போட்டுக்கிடுவாக."

ஜோதிமணிக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அப்படியே விட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது, அய்யா பேர் எங்கேயாவது இருந்துவிட்டுப் போகட்டுமே என்று கேட்டாள்.

அம்மா படத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "எனக்கும் ஆசைதான். ஆனா நாச்சிமுத்துக்கும் புள்ள இருக்கான்ல."

அந்தப் பிள்ளை குகன், பெருமாள்மலையில் டீக்கடை வைத்திருக்கிறான்.

திங்கட்கிழமை கணினியைத் திறந்தால், அதற்குள் ஒன்பது பேர் படத்தை இறக்கியிருந்தார்கள். அவர்களிடம் போய்த் திருத்த முடியாது. இங்கே திருத்தலாம். அய்யா பேரை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். 'நாச்சிமுத்து, வெள்ளகவி' என்று அடித்தாள். குகனுக்குப் படத்தை அனுப்பிவிட்டுப் போன் செய்தாள். அவன் அழுதது மட்டும் கேட்டது.

போனை வைத்தாள். பிறகு அதே கட்டத்தில், நாச்சிமுத்துவின் பேருக்குக் கீழே இன்னொரு வரி சேர்த்தாள்: 'அணிந்திருப்பது திருமலைச்சாமியின் கோட்டு.'