ஏழாம் மாடிக்கு எதிரே ஒன்பதாம் மாடி

அந்த வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு இருந்தவர்கள் என் சகலை, அவர் மனைவி, அவர்களுடைய சின்ன மகள், நான். இல்லாதவள் என் மனைவி. யாருக்காக வீடு பார்க்க வேண்டுமென்று பேசிக்கொண்டிருந்தோமோ அவள் கன்னியாகுமரிக் கடற்கரையில் தன் அப்பா வீட்டில் இருந்தாள். கல்யாணம் முடிந்து ஒன்றரை வருஷம். அதில் நாங்கள் ஒரு வீட்டில் இருந்தது என் லீவு நாட்களில் மட்டும்.

நான் அப்போது துபாயில், சத்வாவில், ஒரு பழைய வில்லாவின் அறையில் ஐந்து பேரோடு இருந்தேன். கட்டிலுக்குக் கீழே பெட்டி, பெட்டிக்கு மேலே செருப்பு. வேலை ஒரு கட்டுமான அலுவலகத்தில், கணக்குப் பிரிவில். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரியும் முடித்தேன். அப்பா இன்னொருவர் வள்ளத்தில் கடலுக்குப் போனார். பட்டம் வாங்கியவனுக்கு எல்லாம் வரிசையாக வந்து சேரும் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன். அதனால்தான் சகலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஏதோ ஒன்று கடித்தது.

அவர் ஐ.டி.ஐ. படித்த ஏசி மெக்கானிக். சத்தமாகச் சிரிப்பார், சத்தமாகச் சாப்பிடுவார். ஷார்ஜாவில் ஏழாம் மாடியில் ஒரு பெட்ரூம், ஒரு ஹால், பால்கனி என்று வீடு. கீழே வெள்ளைக் கார். மைனி, அதாவது என் மனைவியின் அக்கா, ஒரு கிளினிக்கில் நர்ஸ். அவளுடைய சம்பளம் என்னுடையதை விட அதிகம். ஹாலில் மெரூன் நிற சோபா. பால்கனியில் பெயின்ட் வாளியில் கறிவேப்பிலைச் செடி. இந்தப் பாலைவனத்தில், ஏழாம் மாடியில், அது இடுப்பு உயரத்துக்கு வளர்ந்திருந்தது. நான் பக்காலாவில், அதாவது தெருமுனை மளிகைக்கடையில், காய்ந்த கறிவேப்பிலையைக் காசு கொடுத்து வாங்கும்போதெல்லாம் அந்தச் செடி ஞாபகம் வரும்.

எல்லாவற்றையும் விட என்னை வாட்டியது அவர்களுடைய வாடகை. ஷார்ஜாவில் மாதத்துக்கு மாதம் வாடகை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. அவர்கள் மட்டும் பழைய ஒப்பந்தத்தில், வருஷத்துக்குப் பதினாறாயிரம் திர்ஹமுக்கு உட்கார்ந்திருந்தார்கள். அதே வீட்டைப் புதிதாகப் பிடிக்கிறவன் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கொடுக்க வேண்டும்.

அன்று சாப்பாட்டுக்கு நெய்மீன் குழம்பு. சுவரோரம் எதையோ பூப்போட்ட புது விரிப்பால் மூடி வைத்திருந்தார்கள். பெரிதாக, சதுரமாக இருந்தது.

"அது என்ன மைனி?"

"பழைய சாமான் தம்பி. நீங்க சாப்பிடுங்க. மீன் வைக்கட்டா?"

பழைய சாமானுக்கு யாரும் புது விரிப்பு போடுவதில்லை. எனக்குத் தெரியக் கூடாது என்று மூடியிருக்கிறார்கள் என்பது மட்டும் புரிந்தது.

"அண்ணே, இந்த பில்டிங்ல ஏதாவது காலி இருக்கா? வீட்டுக் கான்ட்ராக்ட் என் பேர்ல இருந்தாத்தான் அவளுக்கு விசா எடுக்க முடியும்."

சகலை முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். மைனியைப் பார்த்தார். "மூணாவது மாடியில ஒண்ணு இருக்கு. வேண்டாம். காத்து கிடையாது, எதுக்க செவுரு. நீ ரெண்டு மாசம் பொறு மக்கா."

"ரெண்டு மாசத்துல வாடகை இன்னும் ஏறும்லா?"

"ஏறட்டும். பொறுன்னா பொறு."

"ஏன் அண்ணே?"

"எல்லாத்துக்கும் ஒனக்குக் காரணம் எழுதித் தரணுமா? படிச்சவனுகளோட இதுதான் தொல்லை. குழம்ப ஊத்து டே."

மைனி சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. பஸ்ஸில் சத்வாவுக்குத் திரும்பும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் மாடி எனக்கு வேண்டாமாம். ஆனால் அது கிடைத்திருந்தாலும் நான் அங்கே இருந்திருக்க மாட்டேன். நாலு மாடிக்கு மேலே அவர்கள் நடப்பார்கள், கீழே நாங்கள் இருப்போம். மைனி தூக்குச்சட்டியில் குழம்பு கொடுத்து அனுப்புவாள். என் மனைவி சட்டியைக் கழுவித் திருப்பிக் கொடுக்க மேலே போய், அந்த சோபாவில் உட்கார்ந்துவிட்டு இறங்கி வருவாள். இறங்கி வரும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று என்னால் பார்க்க முடிந்தது.

அவளிடம் போனில் சொன்னேன். "ஒங்க அக்காவுக்கும் அத்தானுக்கும் நீ இங்க வர்றது பிடிக்கல போல."

"அப்படியெல்லாம் இல்ல," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ரெண்டு மாசந்தானே, பொறுத்துக்கலாமே," என்றாள்.

அது எனக்கு நெஞ்சில் குத்தியது. ஒன்றரை வருஷமாக "வீடு பாத்தாச்சா, வீடு பாத்தாச்சா" என்று கேட்டவள். இப்போது அவர்கள் சொன்ன அதே இரண்டு மாசத்தை இவளும் சொல்கிறாள். புருஷன் பேச்சை விட அக்கா பேச்சுதான் பெரிதாகிவிட்டது.

அதற்கப்புறம் ஒரு வெள்ளிக்கிழமையைக்கூட வீணாக்கவில்லை. சத்வாவிலேயே ஒரு வில்லாவில் ஒரு அறையைக் காட்டினார்கள். மூன்று குடும்பத்துக்கு ஒரே சமையலறை, ஒரே கக்கூஸ். பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினால் நம் தலையணை அதிரும். ஒப்பந்தமும் கிடையாதாம். "கான்ட்ராக்ட் மாஃபி பாய், கேஷ் ஒன்லி," என்றான் காட்டியவன். அல் கூஸில் கேட்ட வாடகைக்கு என் சம்பளம் முழுவதையும் கொடுத்தாலும் போதாது. அஜ்மானில் வீடு நன்றாக இருந்தது, விலையும் சரி. ஆனால் அங்கிருந்து தினமும் துபாய்க்கு வந்து போனால் நான் வீட்டில் தூங்க மட்டும்தான் இருப்பேன். இந்த ஊர் ஒரு பக்கமாக நீண்டுகொண்டே போகிற ஊர். எங்கே குறைந்த வாடகையோ அங்கேயிருந்து வேலை தூரம். எங்கே வேலை பக்கமோ அங்கே வாசலில் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான்.

ஒவ்வொரு தடவையும் சகலை போன் செய்து, "எங்கயாவது அட்வான்ஸ் குடுத்திட்டியா?" என்று விசாரிப்பார். இல்லை என்றால், "நல்லது," என்பார். அந்த "நல்லது" எனக்கு எரிச்சலாக இருந்தது. எனக்கு வீடு கிடைக்காததில் என்ன நல்லது?

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, அவர்கள் வீட்டுக்குப் போகிற வழியில், அவர்கள் கட்டடத்துக்கு நேர் எதிர்க் கட்டடத்தின் வாசலில் 'வாடகைக்கு' என்று அட்டை தொங்கியது. நாத்தூர், அதாவது கட்டடக் காவலர், ஒரு மலையாளி. சாவியைச் சுழற்றிக்கொண்டே லிஃப்டில் கூட்டிப் போனார். ஒன்பதாவது மாடி. ஒரு பெட்ரூம், ஹால். ஹால் ஜன்னலைத் திறந்தேன். கீழே, இரண்டு மாடி தாழ்வாக, தெருவுக்கு அந்தப் பக்கம், பெயின்ட் வாளியில் கறிவேப்பிலைச் செடி.

எனக்கு அந்த வீட்டின் மற்ற எதுவும் கண்ணில் படவில்லை. அவர்கள் வீட்டுக்குள் நான் எப்போதும் கீழேயிருந்து ஏறித்தான் போயிருக்கிறேன். முதல் தடவையாக மேலேயிருந்து பார்த்தேன். செடி சின்னதாகத் தெரிந்தது.

"எத்தனை?"

"முப்பதாயிரம். நாலு செக்கு. கமிஷன் வேறே. வேறொரு பார்ட்டி அசர் தொழுகை கழிஞ்ஞு வரும், கேட்டோ."

இன்னொரு பார்ட்டி எப்போதும் வந்துகொண்டேதான் இருக்கும் என்று இப்போது தெரியும். அன்று தெரியாது. தெரிந்திருந்தாலும் எடுத்திருப்பேன். சாயங்காலமே ரியல் எஸ்டேட் அலுவலகத்தில் பின்தேதியிட்ட காசோலைகளில் கையெழுத்துப் போட்டேன். செக் திரும்பினால் இங்கே ஜெயில் என்று எல்லோருக்கும் தெரியும். அன்று அது எனக்கு உறைக்கவில்லை. சாவியோடு ஒன்பதாவது மாடிக்குத் திரும்பிப் போய், வெறும் ஹாலில் நின்று சகலைக்குப் போன் செய்தேன்.

"அண்ணே, பால்கனிக்கு வாங்க. எதுக்க பாருங்க. இல்ல, இன்னும் மேல."

அவர் வெளியே வந்தார். லுங்கியும் பனியனும். கையைப் புருவத்தில் வைத்து மேலே பார்த்தார். நான் கையாட்டினேன். அவர் போனைக் காதில் வைத்தபடியே நின்றார். மைனியும் வந்தாள்.

"எடுத்திட்டியா?" என்றார்.

"எடுத்திட்டேன். கான்ட்ராக்ட் என் பேர்ல."

"செக்கும் குடுத்தாச்சா?"

"நாலும்."

மைனி தலையில் கை வைத்துக்கொண்டு உள்ளே போனாள். எனக்கு அதைப் பார்க்க இனிமையாக இருந்தது. கடைசியில் அவர்களுக்கும் கடிக்கிறது என்று நினைத்தேன்.

ஒரு மாதம் கழித்து சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். அன்று விரிப்பு இல்லை. அதன் கீழிருந்தது ஒரு பெரிய புது டி.வி. ஹாலில் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன.

"மைனிக்கு புஜைராவில ஆஸ்பத்திரி வேலை கெடச்சிருக்கு," என்றார் சகலை. "நேத்துதான் விசா அடிச்சாச்சு. வீடு அவங்களே தாறாங்க. கடலப் பாத்த வீடு. வாடகை இல்ல."

கடலைப் பார்த்த வீடு. வாடகை இல்லை. என் வாயிலிருந்து "சந்தோஷம் அண்ணே," என்று வந்தது. எப்படி வந்தது என்று தெரியவில்லை.

"இந்த வீட்ட ஒங்களுக்குத்தான் வச்சிருந்தோம் தம்பி," என்றாள் மைனி. "இதே பதினாறாயிரத்துக்கு ஒங்க பேருக்கு மாத்தித் தர இவரு ஆபீஸ்ல பேசி முடிச்சிருந்தாரு. சோபா, கட்டில், செடி எல்லாம் விட்டுட்டுப் போகலாம்னு இருந்தோம். இப்ப எங்கூட வேலை பாக்குற நர்ஸ் பிள்ளை எடுத்திட்டா."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சகலைதான் சொன்னார்.

"விசா கைக்கு வராம எப்படிச் சொல்ல? கோவப்படாத மக்கா. ஒனக்குக் கண்ணு கொஞ்சம் ஏத்தம். போன வருஷம் நீ வந்து, 'நல்ல டி.வி. அண்ணே, பெருசா இருக்கு'ன்னு சொல்லிட்டுப் போன. மறுநாளு பொகஞ்சு போச்சு."

"அது வோல்டேஜ்."

"இந்த ஊர்ல ஏதுடே வோல்டேஜ்?"

மகள் சிரித்தாள். நான் நர்ஸ் பிள்ளையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். முகம்கூடத் தெரியாத ஒருத்தி என் சோபாவில் உட்காரப் போகிறாள். மறுநாள் ரியல் எஸ்டேட் அலுவலகத்தில் போய்க் காசோலைகளைத் திருப்பிக் கேட்டேன். மேஜைக்குப் பின்னாலிருந்தவர் தலையைத் தூக்காமல், "கலாஸ், கலாஸ்," என்றார். எல்லாம் முடிந்த விஷயம்.

அன்று இரவு மனைவியைக் கூப்பிட்டேன்.

"ஒனக்குத் தெரியுமா?"



"அக்கா சத்தியம் வாங்கிட்டா. ஒங்ககிட்ட சொன்னா நடக்காதுன்னு சொன்னா. அதான் ரெண்டு மாசம் பொறுக்கலாம்னு சொன்னேன்."

"என் கண்ணு பட்டா நடக்காதுன்னு நீயும் நம்பினியா?"

காலிங் கார்டில் நிமிஷங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"கொஞ்சம்," என்றாள்.

அவள் வந்து சேர்ந்தபோது சகலை குடும்பம் புஜைராவுக்குப் போய்விட்டிருந்தது. விமான நிலையத்திலிருந்து வந்து பெட்டியைக் கூடத் திறக்காமல் ஹால் ஜன்னலுக்குப் போனாள். நாங்கள் சேர்ந்து வாழ்ந்த முதல் வீடு அது. நான் வாங்கிப் போட்டிருந்த பழைய சோபாவை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"அக்கா வீடு எது?"

காட்டினேன். கீழே பால்கனியில் நர்ஸ் பிள்ளை கறிவேப்பிலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். ஏதோ பாட்டுச் சத்தம். அவளுடைய புருஷன் பனியனோடு வந்து, சாவகாசமாக, பழைய வாடகை கொடுக்கிறவனின் சாவகாசத்தோடு, கைப்பிடியில் சாய்ந்து நின்றான். என் மனைவி கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஜன்னலைச் சாத்தி, திரைச்சீலை எங்கே விற்கும் என்று கேட்டாள்.

பகல் முழுக்க அவள் தனியாகத்தான் இருந்தாள். ஏழாம் மாடி கிடைத்திருந்தாலும் அக்கா புஜைராவில்தான் இருந்திருப்பாள், அதனால் தனிமை ஒன்றுதான் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது உண்மைதான். ஆனால் நான் எதிர்வீட்டைப் பார்க்கும்போதெல்லாம் உண்மை உதவவில்லை. அந்த நர்ஸ் பிள்ளை ஒரு நாள் லிஃப்ட் பழுதானதால் மாடிப்படி ஏறினாள் என்று நாத்தூர் சொன்னபோது, அன்று முழுவதும் எனக்கு மனம் லேசாக இருந்தது.

இரண்டு வருஷம் அங்கே இருந்தோம். காலி செய்கிற அன்று மனைவி ஜன்னலோரம் நின்று விரல் மடக்கிக் கூட்டினாள். வாடகையில் வருஷத்துக்குப் பதினாலாயிரம் கூடுதல், இரண்டு வருஷம். அதோடு கமிஷன் ஆயிரத்து ஐந்நூறு. சோபா எண்ணூறு. செடியைக் கணக்கில் சேர்க்கலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அப்படியானால் முப்பதாயிரத்து முந்நூறு திர்ஹம்.